வாட வைக்காத தழை

நவம்பர் 9, ஞாயிறு

இது போன வருஷத்து டைரி. உரக்கடைக்காரர் அப்பாவுக்குக் கொடுத்தது, யாரும் எழுதாமல் பரணில் கிடந்தது. கோகிலா அக்கா அதைத் தூசி தட்டி என் மடியில் போட்டாள்.

"பூவிழி, நீதான் வாயே தொறக்க மாட்டயே, எழுதவாச்சும் எழுது. எல்லாத்தையும் உள்ளயே வச்சிருந்தா புளிச்ச மாவாட்டம் பொங்கிரும்."

அச்சடித்த தேதியை அடித்துவிட்டு என் தேதியை எழுதியிருக்கிறேன்.

எனக்குப் பதினாறு வயது. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அக்காவை முதல் தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வீட்டையும் ஆடுகளையும் பார்க்க ஆள் இல்லை என்று நிறுத்தினார்கள். நான் அழவில்லை. வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஆடுகள் எதையும் படிக்கச் சொல்வதில்லை.

அக்காவின் நோவு விரலில்தான் ஆரம்பித்தது. ஒரு மார்கழிக் காலையில் பாத்திரம் கழுவும்போது அவள் விரல்கள் சாக்பீஸ் மாதிரி வெளுத்தன. பிறகு நீலமாகி, பிறகு சிவந்தன. பனி என்றாள் அம்மா. அப்புறம் மூட்டு வலி வந்தது, முடி கொட்டியது, மூக்குக்கு இரண்டு பக்கமும் கன்னத்தில் சிவப்பாகப் படர்ந்தது. கோயம்புத்தூர் டாக்டர்தான் லூபஸ் என்று சொன்னார்.

"உடம்பைக் காக்கற சக்தியே உடம்பைத் தாக்குது. காவலுக்கு வச்ச நாய் வீட்டு ஆளுங்களையே கடிச்சா எப்படி? அதுதாம்மா இது. மாத்திரைதான் சங்கிலி. நல்லாத்தானே இருக்குன்னு அவுத்து விட்டுடாதீங்க."

இரண்டு வருஷமாக நாய் கட்டியே கிடக்கிறது. காலையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் வேலை.

தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை யுவராஜ் மாமா, திருப்பூர்க்காரர். அவர்கள் வீட்டில் யாருக்கும் நோவு விஷயம் தெரியாது.

நவம்பர் 13, வியாழன்

நிச்சயத்தின்போது எடுத்த போட்டோ வந்தது. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். மாத்திரையால் அக்காவின் முகம் வட்டமாகிவிட்டது. கன்னம் உப்பி, கண் சின்னதாகத் தெரிகிறது.

"பூசணிக்காய்க்குப் பொட்டு வச்சாப்பல இருக்குது" என்று அக்காவே சொல்லிச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. போட்டோவைக் கவரில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

நவம்பர் 16, ஞாயிறு

ஊர் மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடக்கிற இயற்கை உணவு வகுப்புக்கு அம்மா என்னையும் கூட்டிப் போனாள். நடத்துகிறவர் பெயர் சுகந்தி மேடம். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. அவருடைய அம்மா மூட்டு வாதத்தில் படுத்தே இறந்தாராம். அதைச் சொல்லும்போது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது. நோவு எல்லாம் வாய் வழியாக வந்தது, வாய் வழியாகத்தான் போகும் என்றார்.

வகுப்பு முடிந்ததும் அம்மா அவரைத் தனியாக ஓரத்துக்குக் கூட்டிப் போய்ப் பேசினாள். அக்காவுக்கு என்று சொல்லவில்லை, யாரோ சொந்தக்காரப் பெண்ணுக்கு என்பது போலக் கேட்டாள். "எங்க ஒறம்பரைல ஒரு புள்ளைக்குங்க" என்றாள்.

பச்சைப் பொடி டப்பா ஒன்றை வாங்கி வந்தோம். பெயர் அல்ஃபால்ஃபா. ரத்தத்தைச் சுத்தம் பண்ணுமாம்.

நவம்பர் 18, செவ்வாய்

டப்பாவில் ஒரு செடியின் படம் இருக்கிறது. காம்புக்கு மூன்று இலை, ஊதாப் பூ. நேற்றிலிருந்து எங்கேயோ பார்த்த மாதிரியே இருந்தது. இன்று காலை ஆட்டுக்குத் தழை அறுக்கும்போது கையில் அதே பூ.

வீட்டுக்கு வந்து அடுப்படி வாசலில் நின்றேன். சொல்லலாமா வேண்டாமா என்று வெகு நேரம் நின்றேன்.

"ஏம் புள்ள தூணாட்டம் நிக்கிற?"

"அம்மா, அந்த டப்பால இருக்கறது நம்ம மசாலும்மா."

அம்மா டப்பாவை வாங்கிப் பார்த்தாள். என் கையில் இருந்த ஆட்டுத் தீவனத்தை, குதிரை மசாலையும் பார்த்தாள். பிறகு என் தலையை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முட்டினாள். "அட என்ற தங்கமே! தோட்டம் முச்சூடும் இதுதான கெடக்குது. இதைப் போயி டப்பால வாங்கியாந்தனே!"

நவம்பர் 23, ஞாயிறு

அம்மா வகுப்பில் எழுந்து இதைச் சொல்லிவிட்டாள். சுகந்தி மேடம் கையிலிருந்த பொடி டப்பாவை மேஜையில் வைத்தார். பிறகு சிரித்து, "பொடியை விடப் பச்சைத் தழைக்கு வேகம் ஜாஸ்தி. இந்தப் பொண்ணுக்கு எல்லாரும் கை தட்டுங்க" என்றார்.

தட்டினார்கள். இத்தனை பேர் எனக்குக் கை தட்டியதே இல்லை. வீடு வந்து சேர்கிற வரை காது சூடாக இருந்தது.

மாத்திரையை என்ன செய்வது என்று அம்மா கேட்டாள். "நிறுத்துங்கன்னு நான் சொல்ல மாட்டேங்க. உடம்பு சுத்தமானா அதுவே வேண்டாம்னு சொல்லும்" என்றார்.

நவம்பர் 24, திங்கள்

அம்மா மாத்திரை அட்டைகளை எடுத்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். உடம்பு எப்போது வேண்டாம் என்று சொன்னதோ, எனக்குக் கேட்கவில்லை.

அக்காவும் மறுப்புச் சொல்லவில்லை. "கல்யாணம் முடியட்டும், பொறவு பாத்துக்கலாம்" என்றாள். "அதுவரைக்கும் இந்த மூஞ்சி கொஞ்சம் எறங்குனாப் போதும்."

இனிமேல் காலையில் மாத்திரைக்குப் பதில் மசால் சாறு கொடுப்பது என் வேலை. பனி ஈரத்தோடு அறுத்து, மிக்சியில் அடித்து, துணியில் பிழிய வேண்டும். பிழிகிற துணி பச்சையாகிவிட்டது. எத்தனை அலசியும் போகவில்லை.

அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். "நாளைக்கு நான் மே-ன்னு கத்துனா பட்டில கொண்டு போயிக் கட்டீராதீங்க."

அடியில் மிஞ்சியதைக் கொட்டக் கூடாது என்று அம்மா என்னைக் குடிக்கச் சொன்னாள். நாக்கில் புல் வாசம் மதியம் வரை இருந்தது.

நவம்பர் 27, வியாழன்

அப்பா இன்றுதான் பார்த்தார். டம்ளரை மோந்து பார்த்துவிட்டு, "இதென்ன கூத்து? ஆட்டுக்கே வாட வச்சுத்தான போடறோம். பச்சையாப் போட்டா வயிறு உப்பிக்கும்" என்றார்.

"ஆடும் மனுசனும் ஒண்ணா? நீங்க போயி மோட்டாரைப் போடுங்க" என்றாள் அம்மா.

அப்பா போய் மோட்டாரைப் போட்டார்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். விளக்கு வைக்கும்போது பக்கத்துத் தோட்டத்து ராசாமணி அக்கா வந்தாள். "கோகிலா, ஆளே மாறிட்ட! கன்னமெல்லாம் எறங்கி, கல்யாணக் களை வந்திருச்சு போ."

நிஜம்தான். முகம் மெலிந்து பழைய அக்காவாகத் தெரிகிறாள். யுவராஜ் மாமாவுக்குப் போட்டோ அனுப்பினாள். அவர் அனுப்பிய பதிலை எனக்குக் காட்டாமல் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அம்மா என்னைப் பார்த்து, "எல்லாம் உன்னாலதான் அம்மிணி" என்றாள்.

விளக்குகளை ஊதாமல் அணையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 8, திங்கள்

மசால் வெட்டு. தழை நன்றாக இருக்கிறது. பனியில் அறுக்கும்போது என் விரல் நுனி வெளுத்துப் போகிறது. அக்குளில் வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

டிசம்பர் 11, வியாழன்

சீப்பில் முடி. என் முடி இல்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

முளை விட்டதில் இன்னும் சத்து என்று வகுப்பில் சொன்னார்களாம். விதைக்க வைத்திருந்த மசால் விதையை அம்மா பையிலிருந்து அள்ளி ஊற வைத்தாள். ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். வால் வாலாக வந்திருக்கிறது. அக்கா அதைத் தேங்காய்த் துருவலோடு சாப்பிடுகிறாள். வாயில் புண் என்று மெதுவாக மெல்கிறாள்.

சூட்டுப் புண் என்று அம்மா சொன்னாள். நோவு வெளியேறும்போது அப்படித்தான் காட்டுமாம்.

டிசம்பர் 19, வெள்ளி

இன்று ஒரு குட்டி செத்துவிட்டது. நெற்றியில் வெள்ளை உள்ள ஆட்டுக்குட்டி. அதன் தவறில்லை. நான் பட்டிப் படலைச் சரியாகச் சாத்தவில்லை. விடியும்போது அது பாத்தியில் நின்று ஈர மசாலை மேய்ந்துகொண்டிருந்தது. விரட்டி வந்து கட்டினேன். வெயில் ஏறுவதற்குள் இடது பக்க வயிறு ஏறிவிட்டது. தட்டிப் பார்த்தால் பறை மாதிரி சத்தம் வந்தது. அப்பா மூங்கில் குழாயில் கடலை எண்ணெய் ஊற்றினார். முன்னங்காலைத் தூக்கிப் பிடித்து வயிற்றை நீவினார். அது வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. கண் என்னையே பார்த்த மாதிரி இருந்தது. பிறகு பார்க்கவில்லை.

"எத்தன தடவை சொல்லியிருக்கறேன், வாடாத தழை ஆகாதுன்னு" என்றார் அப்பா. என்னைத் திட்டவில்லை. யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

சாயங்காலம் அக்காவுக்குக் கால் பிடித்துவிட்டேன். கட்டை விரலை எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்றது. பிசைந்த மாவில் வைத்த மாதிரி. அக்கா பார்ப்பதற்கு முன் பாவாடையை இழுத்துவிட்டேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

மாப்பிள்ளையின் அம்மா, எங்களுக்கு அத்தை, வந்தார். மார்கழியில் நல்ல காரியம் பேச வரவில்லை, ஆசாரி வளையலை முடித்துவிட்டார், போட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன் என்றார். வாய் நிறையப் பேசுகிறவர். என்னைப் பார்த்து, "இந்தப் புள்ள பேசுமா பேசாதா? என்ற பையன் கேட்டுட்டு வரச் சொன்னான்" என்றார். நான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வளையல் அக்காவின் கையில் ஏறவில்லை. கட்டை விரல் எலும்பிலேயே நின்றுவிட்டது.

"போன மாசந்தான அளவெடுத்தது? சரியா இருந்துதே" என்றார் அத்தை.

"பனிக்குக் கை பூசுனாப்பல இருக்குதுங்க" என்று அம்மா சோப்பை எடுத்து வந்தாள். அக்காவின் கையில் நுரை போட்டு வளையலைத் தள்ளினாள். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்த மாதிரியே முகத்தை வைத்திருந்தாள். வளையல் ஏறிவிட்டது. கை முழுக்கச் சிவந்துவிட்டது.

"அழகா இருக்குது கண்ணு" என்று சொன்ன அத்தை, அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கண்ணுக்குக் கீழ என்ன, தூக்கம் இல்லயா?"

"மாப்பிள்ளை போன் பண்ணிட்டே இருக்கறாருங்க, எங்க தூங்க விடறாரு?" என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் போன பிறகு வளையல் கழலவில்லை. அம்மாவும் நானும் விளக்கெண்ணெய் தடவி இழுத்தோம். அக்கா ஒரு தடவைகூடக் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

ஜனவரி 5, திங்கள்

குளியலறை கழுவினேன். சோப்புத் தூள் போடுவதற்கு முன்பே, அக்கா போய் வந்த இடத்தில் நுரை கட்டி நின்றது. தண்ணீர் ஊற்றியும் கலையவில்லை. போர்வெல் தண்ணீர் மாறியிருக்கும்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

ஜனவரி 11, ஞாயிறு

அக்கா தலையணையை இரண்டாக மடித்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் நெஞ்சில் ஆள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறதாம். அம்மா பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பூவிழி, உன்னை ஒண்ணு கேக்கட்டுமா? அந்த மாத்திரை இன்னும் சாமி படத்துக்குப் பின்னால இருக்குதா?"

தலையாட்டினேன்.

"எடுத்துக்கலாமா வேண்டாமா? நீயே சொல்லு. நீ சொன்னா நான் கேக்கறேன்."

கையில் டம்ளர் இருந்தது. சாறு பிழிந்து எடுத்து வந்திருந்தேன். நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. மண்டபத்தில் கை தட்டிய சத்தம்தான் காதில் கேட்டது. அது ஏன் அப்போது கேட்க வேண்டும் என்று தெரியவில்லை.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த டம்ளரை அவளே வாங்கிக்கொண்டாள். "சரி போச்சாது, விடு. இன்னுங் கொஞ்ச நாள்தான?"

மூக்கைப் பிடிக்காமலே குடித்தாள்.

ஜனவரி 16, வெள்ளி

பட்டிப் பொங்கல். ஆடு மாடுகளைக் குளிப்பாட்டி மஞ்சள் தடவினோம். அக்காவுக்கு வாசல் வரை நடக்க முடியவில்லை. பேசும்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சை வாங்கினாள். உதடு கறுத்திருந்தது.

அப்பா மஞ்சள் கையோடு உள்ளே வந்தார். அக்காவின் காலைத் தொட்டுப் பார்த்தார். குட்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்த மாதிரியே தொட்டார்.

"வண்டியைக் கூப்புடு."

"ஆம்புலன்ஸ் வேண்டாங்க" என்றாள் அம்மா. "ஊரே பாக்கும். ஒரு வார்த்தை திருப்பூருக்குப் போனா எல்லாம் போச்சு." ராசாமணி அக்கா வீட்டுக் காரைக் கேட்டு வரச் சொன்னாள். கல்யாணப் பட்டு எடுக்கக் கோயம்புத்தூர் போகிறோம் என்று சொல்லச் சொன்னாள்.

பட்டு எடுக்கப் போகிறவள் நைட்டியோடு போக முடியாது. அம்மா அக்காவுக்கு மாம்பழக் கலர் சேலை கட்டிவிட்டாள். பவுடர் போட்டாள். பூ வைத்தாள். நான் சேலை மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மடிப்பு நிற்கவே இல்லை. வயிறு அந்த அளவு வீங்கியிருந்தது.

இரண்டு பேர் தாங்கி நடத்திக் காரில் ஏற்றினோம். ராசாமணி அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையசைத்தாள். "நல்ல அரக்குக் கலராப் பாத்து எடு கண்ணு! வந்து எனக்குத்தான் முதல்ல காட்டோணும்!"

அக்கா கண்ணாடி வழியாகக் கையைத் தூக்கினாள். கார் திரும்பியதும் அந்தக் கை என் மடியில் விழுந்தது.

ஜனவரி 17, சனி

எழுதுகிறேன். அக்கா எழுதச் சொல்லியிருக்கிறாள்.

பழைய டாக்டர்தான். அக்காவைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே கொண்டு போகச் சொன்னார். ரத்தம், சிறுநீர் எல்லாம் எடுத்தார்கள். அக்கா தலையில் இருந்த பூவை ஒரு நர்ஸ் எடுத்து என் கையில் கொடுத்தார். இன்று மத்தியானம் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். இரண்டு கிட்னியும் அடிபட்டிருக்கிறது, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்றார்.

"மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டாங்களா?"

"ஒரு நாள் விடாமக் குடுத்தமுங்க" என்றாள் அம்மா.

"சாப்பாடு?"

"பத்தியச் சாப்பாடுதானுங்க. வேற ஒண்ணுமே குடுக்கலீங்க."

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு மாத்திரை நிறுத்தியது தெரியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

டாக்டர் பேனாவை மேஜையில் தட்டினார். "மாத்திரை சாப்பிட்டும் இப்படி ஆச்சுன்னா, அந்த மருந்து இனிமே அவங்களுக்கு வேலை செய்யலைன்னு அர்த்தம். அப்ப நான் வேற வழிக்குப் போகணும். அதுல ஆபத்து ஜாஸ்தி. அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்கறேன்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

என் பாவாடை ஓரத்தில் நேற்றுக் காலையில் அறுத்த மசால் ஒரு காம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்து மேஜைமேல் வைத்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு விட்டது.

"மாத்திரை குடுக்கலீங்க" என்றேன். "கார்த்திகை தீபத்துக்கு முன்னாலயே நிறுத்திட்டோம். இதைத்தான் குடுத்தோம். தெனமும். அப்புறம் விதையை முளைகட்டியும் குடுத்தோம். காலு வீங்குச்சு, ஒண்ணுக்கு நுரையாப் போச்சு, நான் பாத்தேன்."

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. டாக்டர் தழையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"லூசர்ன். அல்ஃபால்ஃபான்னு சொல்றது." தழையை மேஜையில் வைத்தார். "இதுல இருக்கிற ஒரு பொருள் சில லூபஸ்காரங்களுக்கு நோயைக் கிளப்பி விட்டிருக்கு. முளையிலயும் விதையிலயும் அது இன்னும் அதிகம். எல்லாருக்கும் அப்படி ஆகும்னு இல்லை. மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினதுதான் பெரிய அடி. எது எவ்வளவு பண்ணுச்சுன்னு இப்ப என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. யாரு இதைக் குடுக்கச் சொன்னது?"

அம்மா வாயைத் திறந்தாள்.

"டப்பால இருந்த படத்தைப் பாத்து இது நம்ம மசால்னு நாந்தாங்க சொன்னேன்" என்றேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. போனை எடுத்து யாரிடமோ மருந்தின் பெயர்களைச் சொன்னார். "பழைய மருந்தையே ஊசியா, பெரிய அளவுல ஆரம்பிப்போம்" என்றது மட்டும் எனக்குப் புரிந்தது.

அப்பா எழுந்து வெளியே போனார். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜனவரி 19, திங்கள்

அக்காவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குழாயில் அவள் ரத்தம் வெளியே போய்த் திரும்பி வருகிறது. கிட்னி திரும்புமா என்று கேட்டதற்கு, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள்.

அம்மாவின் பையில் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. திருப்பூர் நம்பர். அம்மா எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை.

வார்டுக்கு வெளியே இருக்கிற குழாயில் பிளாஸ்க் கழுவினேன். ஐஸ் மாதிரித் தண்ணீர். என் விரல்கள் வெளுத்தன. நுனி மட்டும் இல்லை, நடுக்கணு வரைக்கும். சாக்பீஸ் மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தேன், நீலமாயின. தலை நிமிர்ந்தால் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு நாளாகப் பேசாத அம்மா என் கையைப் பிடித்து முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"எத்தன நாளா?"

"மசால் அறுக்கும்போது வரும். பனின்னு நெனச்சேன்."

"பனிதான்" என்றாள் அம்மா. "பனியேதான். இங்க யாருகிட்டயும் காட்டிக்காத சாமி. நாளைக்கு உன்னையும் ஒருத்தன் பொண்ணு பாக்க வரோணும்."

இப்போது வார்டுக்குள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். வலது கையால் எழுதுகிறேன். இடது கை இன்னும் அம்மாவின் முந்தானைக்குள் இருக்கிறது. அம்மா அதை இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார். இரண்டு கட்டில் தள்ளி அவர் குரல் கேட்கிறது.

இடது கையை மெல்ல உருவிக்கொண்டேன்.